மடியில் கத்தி, வழியில் பயம்

ஏலகிரி மலைக்குப் பின்னாலிருந்து கதிரவன் தலைகாட்டுமுன்னே ஜோலார்பேட்டைச் சந்திப்பு விழித்துக்கொள்கிறது. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பெங்களூரை நோக்கியும் மற்றொன்று சேலத்தை நோக்கியும் செல்கிறது. 1864-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பாதை திறக்கப்பட்ட நாள்தொட்டு இவ்வூரின் வாழ்வு இரயிலின் வாழ்வோடு பின்னிப் பிணைந்துவிட்டது. காலை வண்டிகளில் ஏறுகின்றவர்களுள் பெரும்பாலோர் உழைப்பாளிகள். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும், தோல் ஷாப்புகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றவர்கள். கையில் ஒரு துணிப்பை. அதில் சோற்று டப்பா, தண்ணீர்ப் புட்டி, ஒரு துண்டு. சிலருடைய பைகளில் இன்னொன்றும் இருக்கும்: துணியில் சுற்றிய ஒரு சிறு கத்தி.

அன்பு வாசகர்களே, அந்தச் சிறு கத்தியைப் பற்றித்தான் இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம். அற்பப் பொருளாயிற்றே, இதற்கு ஒரு கட்டுரையா என்று எண்ணவேண்டாம். அந்த அற்பப் பொருள் ஓர் இளைஞரின் ஒரு நாளை, ஒரு வேலையை, ஏன், ஒரு வாழ்வையே திசை திருப்பிவிடக் கூடும்.

சில காலத்துக்கு முன் நமக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். தோலின் ஓரங்களைச் சீர்செய்து நறுக்குவது அவர் வேலை. ஷாப்பில் கொடுக்கும் கத்தி கைக்கு இசையவில்லை என்று, தாமே தீட்டி வைத்திருந்த கத்தியைத் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவருவார். ஒரு மாலை, இவ்வழித்தடத்து நிலையம் ஒன்றில் காவலர்கள் பயணிகளின் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் இளைஞரின் கால்கள் தாமாகவே பின்வாங்கின. திரும்பி வேகமாக நடந்தார். அந்த ஒரு செய்கையே போதுமானதாயிற்று. "நில்லு! பையில என்ன?" என்ற அதட்டலுக்கு அவர் சொன்ன மறுமொழி, "ஒண்ணும் இல்லைங்க" என்பது. பையைத் திறந்தார்கள், கத்தி வெளியே வந்தது. "எதுக்குடா இது?" என்ற கேள்விக்கு, நடுக்கத்தில் அவர் வாயில் வந்த சொல், "சும்மா, ஒரு பாதுகாப்புக்குங்க" என்பது.

நல்லவேளையாக, அவரோடு வேலைசெய்யும் பெரியவர் ஒருவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். "ஐயா, இவன் எங்க ஷாப்புப் பையன். தோல் நறுக்குற கத்தி இது. பயந்துபோய் உளறிட்டான்" என்று கைகூப்பிச் சொல்லி, தம் அடையாள அட்டையையும் காட்டினார். காவலர் கத்தியின் கைப்பிடியில் படிந்திருந்த கறையையும், இளைஞரின் விரல்களில் காய்த்திருந்த தழும்புகளையும் பார்த்தார். பிறகு, "அப்பவே இதைச் சொல்லக் கூடாதா தம்பி?" என்று கூறி அனுப்பிவிட்டார்.

அரைமணி நேரத்தில் முடிந்த சம்பவந்தான். ஆனால் அந்தப் பெரியவர் அன்று வேறு வண்டியில் போயிருந்தால்?

சட்டம் என்ன கேட்கிறது?

நம் நாட்டில் இவ்விஷயத்தை ஆளும் சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஆயுதம் என்பது யாது என அச்சட்டம் கூறும் விளக்கத்தை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். தாக்குவதற்கோ தற்காத்துக்கொள்வதற்கோ உரிய கருவியாக அமைக்கப்பட்ட, அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட பொருள்களே ஆயுதங்கள். துப்பாக்கிகளோடு கூரிய முனையுடைய கொடிய கருவிகளும் இதில் அடங்கும். ஆனால் வீட்டு உபயோகத்துக்காகவோ வேளாண்மைக்காகவோ மட்டும் செய்யப்பட்டவை ஆயுதங்கள் ஆகமாட்டா. சாதாரண ஊன்றுகோலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சட்டமே குறிப்பிடுகிறது.

இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் ஓர் அளவும் உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு கத்தியையும் சேர்த்துக் கூறும் அப்பட்டியல், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். அங்கேயும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பொருட்டுச் செய்யப்பட்டவை விலக்கப்பட்டுள்ளன. மேலும், இத்தகைய ஆயுதங்களுக்கு உரிமம் வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் தானாகவே பொருந்துவதன்று. குறிப்பிட்ட பகுதிக்கு அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அவ்விதி அங்கே நடைமுறைக்கு வரும் என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது.

ஆகவே பழம் நறுக்கும் பேனாக்கத்தியும், தொழிலாளியின் தோல் நறுக்கும் கத்தியும், இளநீர்க்காரரின் அரிவாளும் தம்மளவில் குற்றப் பொருள்கள் அல்ல. எனினும் சட்டத்தின் சொற்களை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: தாக்குவதற்கோ, *தற்காத்துக்கொள்வதற்கோ*. நம் இளைஞர் பயத்தில் உளறிய "பாதுகாப்புக்கு" என்ற சொல், அவர் கருதியது போல அவரைக் காக்கும் சொல் அன்று. உழைக்கும் கருவியைத் தம் வாயாலேயே ஆயுதம் என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. தோல் நறுக்க என்றிருந்தால் அது கருவி. பாதுகாப்புக்கு என்றால் அதே இரும்பு ஆயுதம். இரும்பு மாறவில்லை, எண்ணம் மாறியது.

தன்மீது தாக்குதல் நேரும்போது தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டே எனச் சிலர் வினவலாம். உண்டு. முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்வுரிமை இருக்கிறது. ஆனால் அது ஆபத்து நேரும் அந்த வேளைக்கு உரியது. எந்நாளும் இடுப்பில் கத்தி செருகித் திரிவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

தில்லியில் ஒரு வழக்கு

தில்லியில் 1980-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் அறிவிக்கை வெளியாயிற்று. விசையை அழுத்தினால் அலகு பாய்ந்து வெளிவரும் பட்டன் கத்திகளைக் குறித்தது அது. அலகு 7.62 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் 1.72 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் உடைய கத்திகளை அது கட்டுப்படுத்தியது. அதன்பின் எத்தனையோ பேர்மீது, பையில் பட்டன் கத்தி இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக வழக்குகள் தொடரப்பட்டன.

அத்தகைய வழக்கு ஒன்று 2024-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிபதிகள் அறிவிக்கையின் சொற்களை ஊன்றிப் படித்தார்கள். தயாரிப்பதையும் விற்பதையும், விற்பனைக்காகவோ பரிசோதனைக்காகவோ வைத்திருப்பதையுமே அது குறிக்கிறது எனக் கண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அக்கத்தியை விற்பனைக்காக வைத்திருந்தார் என்று காவல்துறையின் குற்றப்பத்திரிகை எங்கும் கூறவில்லை. எனவே வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

இதைப் படித்து, இனி எந்தக் கத்தியையும் எங்கும் கொண்டுபோகலாம் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. தீர்ப்பு நமக்குக் கற்பிப்பது வேறொன்று. கத்தி இருந்தது என்று கூறினால் மட்டும் போதாது. எதற்காக இருந்தது என்பதையும் அரசு எண்பிக்க வேண்டும். எண்ணத்தைக் கேட்பதே சட்டத்தின் முறை. அதே வேளையில், அந்த மனிதர் தம் நியாயத்தைப் பெற நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை ஏறவேண்டியிருந்தது என்பதையும் மறவாதிருப்போம். வழக்கில் வென்றாலும், அலைச்சலுக்கும் இழந்த கூலிக்கும் ஈடு செய்வார் யார்?

கொல்லனின் பட்டறையில் ஒரு பதிவேடு

தமிழகத்திலும் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பழிவாங்கும் கொலைகள் அடுத்தடுத்து நிகழ்ந்ததைத் தொடர்ந்து, காவல்துறை மாநிலமெங்கும் பெருஞ் சோதனை ஒன்றை நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பறிமுதல் ஆயின. அவற்றுள் துப்பாக்கிகள் மிகச் சிலவே. மற்றவை பெரும்பாலும் கத்தியும் அரிவாளும் போன்றவையே. அதையொட்டி அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு அவர்கள், கத்தி, அரிவாள் செய்வோர்க்கும் விற்போர்க்கும் ஓர் அறிவுறுத்தல் விடுத்தார். வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்காக வாங்குகிறார் என்ற விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்பதே அது.

தலைமுறை தலைமுறையாக உலைக்களத்தில் நின்ற கொல்லருக்கு இது புதுமையாகவே இருந்திருக்கும். கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் கணக்கா என்று அவர் வியந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பதிவேட்டின் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள்: எதற்காக? உச்ச நீதிமன்றம் கேட்டதும், இரயிலடிக் காவலர் கேட்டதும், கொல்லன் பட்டறைப் பதிவேடு கேட்பதும் ஒரே கேள்விதான்.

காவலர் கேட்கும்போது

இரயில் நிலையத்தில் நாம் காணும் காவலர்கள் இருவகைப்பட்டவர்கள். ஒருவர் மத்திய அரசின் இரயில்வே பாதுகாப்புப் படையினர். மற்றவர் மாநில அரசின் இருப்புப்பாதைக் காவலர். ஐயம் ஏற்பட்டால் கேள்வி கேட்பது இருவருக்கும் கடமையே. கேட்டவுடன் ஓடுவதும், "ஒன்றுமில்லை" என்று பொய் கூறுவதும், வீறாப்புப் பேசுவதும் குற்றமற்றவரையும் குற்றவாளியாகத் தோன்றச் செய்யும். "ஐயா, பையில் தொழிற்கத்தி இருக்கிறது, இன்ன இடத்தில் இன்ன வேலை செய்கிறேன்" என்று முதலிலேயே கூறிவிடுவது நல்லது. கூறுமுன் கத்தியை உருவி எடுத்துக் காட்டுவது தவறு. பையை அவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்வதே பாதுகாப்பு. கத்திக்குத் தோலுறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். தோல் ஊரிலே வாழும் நமக்கு அதற்கா பஞ்சம்! அது இடுப்பிலோ சட்டைப்பையிலோ இராமல், மற்றக் கருவிகளோடு பையின் அடியில் இருக்கட்டும். தொழிற்சாலையின் அடையாள அட்டையும் உடனிருக்கட்டும். இயலுமானால் கருவியைப் பணியிடத்திலேயே பூட்டி வைத்துவிட்டு வருவது எல்லாவற்றிலும் மேலானது.

காவலருக்கும் கடமைகள் உண்டு. கைது செய்தால் காரணத்தைத் தெரிவித்தல், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடுதல், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துதல் ஆகிய மூன்றையும் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. மேற்கு வங்கத்து டி.கே. பாசு வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மேலும் பல நெறிகளை வகுத்தது. கைது செய்யும் காவலரின் பெயர் தெளிவாகத் தெரியவேண்டும்; கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெறவேண்டும்; உறவினருக்குச் செய்தி தெரிவிக்கவேண்டும். இன்று அவை சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. பெண்களைப் பெண் காவலரே, கண்ணியம் குறையாத வண்ணம் சோதிக்கவேண்டும். பொருளைக் கைப்பற்றினால் அதற்குப் பட்டியல் எழுதவேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. எழுதாத வெற்றுத் தாளில் எவர் சொன்னாலும் கையொப்பம் இடாதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே எனக் கலங்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்போர், பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தோர் ஆகியோர்க்கு இலவச உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

காவலர் சகோதரர்களுக்கும் ஒரு சொல். அன்று அந்த இளைஞர் ஓடியது குற்ற உணர்வால் அன்று. ஏழைக்கு இயல்பாகிவிட்ட அச்சத்தால். "டா" என்று தொடங்கிய கேள்விக்கு உளறல் மறுமொழியாக வந்தது. "தம்பி" என்று முடிந்த பேச்சில் உண்மை வெளிப்பட்டது. விரல்களின் தழும்பைப் பார்க்கத் தெரிந்த அந்தக் கண்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பிள்ளையின் புத்தகப்பையில்

நம் நெஞ்சை உண்மையில் அச்சுறுத்துவது தொழிலாளியின் கத்தி அன்று; பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் கத்தி. நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு மாதம் ஒரு கொடுமை நிகழ்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் தலித் மாணவர் ஒருவரை, அவருடைய வீட்டினுள்ளேயே புகுந்து உடன் பயிலும் மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். மாணவரிடையே சாதிப் பகை வளர்வதைத் தடுக்க வழி காணும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை அரசு ஒருநபர்க் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூன் மாதத்தில் அவர் தம் அறிக்கையை அளித்தார்.

நாங்குநேரி தொலைவில் உள்ளது என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. விளையாட்டாகவும் வீரமாகவும் எண்ணி, மடக்குக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் சிறுவர்கள் நம்மிடையிலும் உண்டு. "ஏன் அப்பா இது?" என்று கேட்டால், அவர்களிடமிருந்தும் வரும் பதில் அதே "பாதுகாப்புக்கு" என்பதே. யாரிடமிருந்து பாதுகாப்பு? எந்தச் சண்டை? என்ன அவமானம்? பெற்றோர் அடுத்து கேட்கவேண்டிய கேள்விகள் இவை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு நாலு அறை கொடுத்துவிட்டால், பயம் அப்படியே பிள்ளையின் உள்ளத்தில் தங்கிவிடும். அது நாளை வேறொரு கத்தியைத் தேடும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை காவலில் சிக்க நேர்ந்தால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவரவேண்டும். இதை அறிந்திருப்பது நன்று. அதற்கு இடமில்லாமல் வளர்ப்பது அதனினும் நன்று.

கடல் கடந்து வேலைக்குச் செல்வோரும் ஒன்றை நினைவிற்கொள்ளட்டும். நாட்டுக்கு நாடு அளவு மாறும். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி, பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தி மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் தடையில்லை. மற்றவற்றுக்குத் தக்க காரணம் காட்டவேண்டும். தொழிலும் சமயமும் அத்தகைய காரணங்களே. ஜப்பானிலோ ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தகுந்த காரணமின்றிக் கொண்டுசெல்லக் கூடாது. நம் நாட்டிலேயே சீக்கியர் கிர்பான் அணிவதை அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவர்களுடைய சமய உரிமையாக ஏற்றுள்ளது. பாருங்கள், எந்த நாடாயினும் அளவுக்குப் பின்னால் நிற்பது 'எதற்காக?' என்னும் அதே கேள்விதான்.

திருத்தூதரின் கையில் ஒரு கத்தி

தோல் பதனிடுவோரின் பாதுகாவலர் திருத்தூதர் புனித பர்த்தலமேயு ஆவார். ஆகஸ்டு 24-ஆம் நாள் அவர்தம் திருவிழா. அவருடைய திருவுருவங்களில் கையில் ஒரு கத்தி இருக்கக் காணலாம். உயிரோடு தோலுரிக்கப்பட்டு அவர் மறைசாட்சியாக மாண்டார் என்பது மரபு. உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்வை ஓவியத்திலும், அவர் ஒரு கையில் கத்தியும் மறுகையில் தம் தோலுமாகக் காட்சி தருகிறார். கொலைஞரின் ஆயுதமாக இருந்த கத்தி, அவர் கையில் அன்பின் அடையாளமாயிற்று, உழைப்பாளிகளின் சின்னமுமாயிற்று.

இன்னொரு திருத்தூதரையும் நினைப்போம். ஒலிவத் தோட்டத்தில் இராயப்பரும் இடுப்பில் வாள் வைத்திருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கவில்லை. தம் ஆண்டவரின் பாதுகாப்புக்கென்றே வைத்திருந்தார். ஆயினும் அச்சமும் ஆத்திரமும் பொங்கிய நேரத்தில் வாள் உருவப்பட்டது. மால்கு என்னும் ஊழியனின் காது அறுந்தது. வாளை உறையில் போடும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். காயம்பட்ட பகைவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் கத்தி ஒருநாள் தானே வெளியே வந்துவிடும் என்பதற்கு, திருச்சபையின் முதல் தலைவரின் வாழ்விலேயே சான்று இருக்கிறது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நம் முன்னோர் வாக்கு. கனமென்றது பொருளின் கனத்தை மட்டுமன்று. மறைக்கவேண்டிய எண்ணத்தின் கனத்தையும் சேர்த்துத்தான். அந்த இளைஞர் இன்றும் தோல் நறுக்கும் வேலைதான் செய்கிறார். கத்திக்கு ஓர் உறை தைத்துக்கொண்டார். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். காவலரைக் கண்டால் இப்போது அவர் திரும்பி நடப்பதில்லை. "எதற்கு?" என்று யார் கேட்டாலும் சொல்வதற்கு அவரிடம் ஒரு சொல் இருக்கிறது: "வேலைக்கு, ஐயா."

நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அச்சமின்றிச் சொல்லக்கூடிய அந்தச் சொல்லை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போமாக.